‘எக்சிஜென்சி’ என்னும் சொல்லும் அதன் தமிழாக்கமும்

அரசுப் பணியாளர் விடுப்பை உரிமையாகக் கோரலாகாது. பொதுப்பணியின் ‘எக்சிஜென்சி’ வேண்டுமாயின் அதனை மறுக்கலாம் என்பது, 1922 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளுள் 67-ஆம் விதியின் கருத்து. இச்சொல்லை ‘அவசரம்’ எனப் பெயர்ப்பார் பலர். அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இலத்தீனில் ‘எக்ஸ்’ என்பது வெளி. ‘அகெரே’ என்பது ஓட்டுதல். பின்னது ஆநிரை ஓட்டுதற்கும் வழங்கிய வினை. காங்கயம் மாடுகளை ஓட்டிப் பழகிய வெள்ளகோவில் வட்டாரத்தார்க்கு இப்பொருள் எளிதில் விளங்கும். இரண்டும் கூடிய ‘எக்சிகெரே’ வெளியே ஓட்டுதலைக் குறித்து, பின் கடனும் வரியும் தண்டுதலைக் குறித்தது. ஆகவே ‘எக்சிஜென்சி’ என்பது, தண்டற்காரன்போல் வாயிலில் நின்று கேட்கும் தேவை எனலாம். கேட்டல் என்பதே அதன் உயிர். விரைவு அதன் வழி வந்தது.

‘அவசரம்’ என்பதன் வரலாறு வேறு. வடமொழியில் ‘அவசர’ என்பது தக்க சமயம், வாய்ப்பு எனப் பொருள்படும். இந்தியும் மலையாளமும் இன்றும் அப்பொருளையே போற்றுகின்றன. தெலுங்கில் அது தேவை. கன்னடத்திலும் தமிழிலும் விரைவு. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உடையோர் பலர் வாழும் கொங்குநாட்டில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று; ஒரே சந்தையில் ஒருவர்க்குத் தேவையாவது மற்றவர்க்கு விரைவாகும். ‘ஓர் அவசரத்துக்குப் பணம் வேண்டும்’ என்னும் நம் பேச்சுவழக்கில் தேவைப்பொருள் தமிழிலும் எட்டிப்பார்ப்பது நோக்கத்தக்கது. எனினும் எழுத்துத் தமிழில் விரைவே முந்துகிறது.

‘எமர்ஜென்சி’யோடு இதனை மயக்குதலும் பிழை. அது மூழ்கியது நீரின்மேல் எழுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. எதிர்பாராமை அதற்கு இன்றியமையாதது. ‘நெருக்கடி’ என்னும் நல்ல தமிழ்ச்சொல்லோ, 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நிலவிய ஆட்சிநிலைக்குப் பெயராகிவிட்டமையின், விடுப்பு விண்ணப்பத்துக்குச் சற்றே மிகை.

‘பணியின் கட்டாயத் தேவை’ என்பதே ஏற்புடைத்து என்பது என் கருத்து. ‘அவசரம் கருதி விடுப்பு மறுக்கப்படுகிறது’ என்றவிடத்துக் கேட்பது யாது என்பது மறைந்து, காலக்குறைவு மட்டுமே எஞ்சுகிறது. தேவை என்று எழுதினாலோ, எப்பணிக்கு, எவ்வளவு நாளைக்கு என விண்ணப்பித்தவர் வினவலாம். அலுவலரும் விடை கூறியாதல் வேண்டும்.