'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்கிறதா கம்ப்யூட்டர்? ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்!

பட்டனை அழுத்தியதும் வழக்கமாக வரும் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' அல்லது 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரே வரி. உள்ளே குழந்தையின் பிறந்தநாள் படங்கள், கல்லூரி புராஜெக்ட், கடைக் கணக்கு என எல்லாம் இருக்கிறது. பதற்றத்தில் பலரும், "ஃபார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டுடலாம்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அதுவரை பத்திரமாக இருந்த ஃபைல்களும் அதோடு போய்விடும்.

இந்த எரர் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் வேலையைத் தொடங்குவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற சிறிய புரோகிராம். அதுதான் ஹார்டு டிஸ்க்கிலோ, எஸ்.எஸ்.டி-யிலோ விண்டோஸைத் தேடி எழுப்புகிறது. 'தேடினேன், கிடைக்கவில்லை' என்பதுதான் இந்த எரரின் பொருள். 'ஃபைல்கள் அழிந்துவிட்டன' என்று அது சொல்லவில்லை.

முதலில் செய்ய வேண்டியவை

பென்டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸ் அவற்றில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

சரியாகவில்லையா? ஆன் செய்தவுடன் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் செல்லுங்கள். கீ, கம்பெனிக்கு கம்பெனி மாறும். அங்கே உங்கள் டிரைவின் பெயர் தெரிகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

பெயர் தெரிந்தால்...

பாதி நிம்மதி. பூட் ஆர்டரில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலிடத்தில் இருக்கட்டும். தேதியும் நேரமும் தவறாக இருந்தால், மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். அப்போது செட்டிங்ஸ் பழைய நிலைக்குத் திரும்பி, யு.இ.எஃப்.ஐ என்பது லெகசி என மாறியிருக்கக்கூடும். யு.இ.எஃப்.ஐ முறையில் போட்ட விண்டோஸ், லெகசியில் தொடங்காது. எதை மாற்றும் முன்பும் அந்தத் திரையை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் வரவில்லை என்றால், விண்டோஸ் பென்டிரைவ் மூலம் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' மட்டும் செய்து பாருங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போக வேண்டாம்.

பெயரே தெரியாவிட்டால்...

டெஸ்க்டாப் என்றால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டிரைவுக்குச் செல்லும் இரண்டு கேபிள்களையும் கழற்றி மீண்டும் அழுத்தமாகச் செருகுங்கள். லேப்டாப் வாரன்டியில் இருந்தால் நீங்களே திறக்காமல், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் பாதிப்பு அதிகமாகும். அது டேட்டா ரெக்கவரி தெரிந்தவர்களிடம் போக வேண்டிய கேஸ்.

கடையில் கொடுக்கும் முன்...

'டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்கச் சொல்லலாம். அங்கே ஃபைல்கள் தெரிந்தால், முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர். இணைத்ததும் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், 'கேன்சல்' கொடுக்க வேண்டும்.

டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ தேவைப்படும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என மொபைலிலேயே பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. முக்கியமான படங்களையும் ஃபைல்களையும் இன்றே இன்னொரு டிஸ்க்கிலோ, கிளவுடிலோ ஒரு காப்பி எடுத்து வையுங்கள். டிரைவ் பழுதானால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். படங்களை வாங்க முடியாது!