புற்று நோயாளிக்கு சளிக்காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? "சாதாரண சளிதானே"ன்னு விட்டுடாதீங்க!

கமுதி:-

ஐப்பசி மழை தொடங்கி விட்டால் கமுதி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். குண்டாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, மூக்கில் தண்ணீர் வந்து விடும். அக்டோபர் 30-ந் தேதி தேவர் ஜெயந்திக்காக பசும்பொன்னுக்கு வெளியூர்களில் இருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து போகிற நேரமும் அதுதான். பஸ்சில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் தும்மினால் நாலு பேருக்கு ஒட்டிக்கொள்கிறது. நமக்கு இது 5 நாள் தொல்லை. சுக்கு மிளகு கசாயம், ஒரு பாராசிட்டமால், அவ்வளவுதான்.

ஆனால் அதே வீட்டில் புற்று நோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒருவர் இருந்தால் சங்கதியே வேறு. அந்த 5 நாள் சளி அவரை ஐ.சி.யு.வில் கொண்டு போய் படுக்க வைக்கலாம். அப்படி ஆகாவிட்டாலும், அடுத்த கீமோ ஊசியை 2 வாரம், 3 வாரம் தள்ளிப்போட வைத்து விடும். அந்த இடைவெளி நோய்க்கு கிடைக்கிற லீவு மாதிரி.

ஆள் இல்லாத காவல்

உடம்புக்குள் கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்பவை ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் (ஒரு துளியிலும் துளி என்று வைத்துக்கொள்ளுங்கள்) சாதாரணமாக 4 ஆயிரத்தில் இருந்து 11 ஆயிரம் வரை இருக்கும். கீமோதெரபி மருந்தின் வேலை, வேகமாகப் பெருகுகிற செல்களை அடிப்பது. புற்று செல்லும் வேகமாகப் பெருகும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியும் வேகமாக நடக்கும். மருந்துக்கு நல்லவன், கெட்டவன் அடையாளம் தெரியாது. இரண்டையும் அடிக்கும். முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும் இதே காரணத்தால்தான்.

பெரும்பாலான மருந்துகளில், ஊசி ஏற்றிய 7-வது நாளில் இருந்து 14-வது நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு போய் விடும். அதில் முன்வரிசையில் நிற்கும் 'நியூட்ரோபில்' என்ற வகை 500-க்கு கீழே இறங்கினால் காவலுக்கு ஆளே இல்லை என்று அர்த்தம்.

இந்த நேரத்தில் ப்ளூ வைரசோ, கொரோனாவோ, குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு கொடுக்கும் ஆர்.எஸ்.வி. வைரசோ நுழைந்தால் முதலில் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. அந்த வழியாக, நம் வாயிலும் மூக்கிலும் எப்போதும் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி விடும். நிமோனியா பிடிப்பது இப்படித்தான். வெள்ளை அணு இல்லாததால் சில சமயம் கட்டிச்சளி கூட வராது. எக்ஸ்ரே பார்த்தாலும் சுத்தமாகத் தெரியலாம். காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

ரத்தப் புற்று நோய்க்காரர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு நோயே வெள்ளை அணுக்களில்தான். சாதாரண ஆளை விட்டு ஒரு வாரத்தில் போகிற வைரஸ் இவர்கள் உடம்பில் வாரக்கணக்கில் தங்கி விடுகிறது.

கொரோனா கற்றுக்கொடுத்தது

இதெல்லாம் டாக்டர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் கணக்கு எடுத்துப் பார்க்க வைத்தது 2020-ல் வந்த கொரோனா. அமெரிக்கா, கனடா, ஸ்பெயின் நாடுகளில் கொரோனா வந்த 928 புற்று நோயாளிகளை கண்காணித்தார்கள். 30 நாட்களுக்குள் 121 பேர் இறந்து போனார்கள். அதாவது 100 பேரில் 13 பேர். இங்கிலாந்தில் 800 பேரை எடுத்துப் பார்த்ததில் 226 பேர் உயிர் இழந்தனர்.

இதில் கவனிக்க வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து கணக்கில், கடந்த 4 வாரத்துக்குள் கீமோ போட்டவர்கள் மற்றவர்களை விட அதிகமாக சாகவில்லை. வயது அதிகமானவர்கள், ஆண்கள், ரத்தக்கொதிப்பு போன்ற வேறு நோயும் சேர்ந்து இருந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டனர். "கீமோ போட்டதாலதான் தாங்கல, நிறுத்திடலாம்" என்று சொந்தக்காரர்கள் பேசுவதை இந்த பக்கத்தில் அடிக்கடி கேட்கலாம். அந்தப் பேச்சுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

பயந்து நிறுத்தியதால் என்ன ஆனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் 41 புற்று நோய் ஆஸ்பத்திரிகளில் 2019-ம் ஆண்டு மார்ச் முதல் மே வரை புதிதாக பெயர் பதிந்தவர்கள் 1 லட்சத்து 12 ஆயிரத்து 270 பேர். ஊரடங்கு போட்ட 2020-ல் அதே 3 மாதத்தில் 51 ஆயிரத்து 760 பேர்தான். பாதிக்கு பாதி கூட இல்லை. பெரிய ஆபரேஷன்களும் ஏறக்குறைய பாதியாக குறைந்தன. மீதிப்பேருக்கு நோய் இல்லாமல் போய் விட்டதா? கட்டியோடு வீட்டில் இருந்தார்கள். கமுதிக்கு ரெயில் கிடையாது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கோ, பாலரெங்காபுரத்தில் உள்ள அரசு புற்று நோய் மையத்துக்கோ போக வேண்டும் என்றால் பஸ்சை விட்டால் வேறு வழி இல்லாத ஊர் இது. பஸ் நின்றதும் வைத்தியமும் நின்றது. வைரஸ் தொடாத ஆளையும் வைரஸ் அடித்தது இப்படித்தான்.

தூங்குகிற செல்கள்

புதிதாக இன்னொரு விஷயமும் தெரிய வந்துள்ளது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 'நேச்சர்' என்ற விஞ்ஞான பத்திரிகையில் அமெரிக்க, ஐரோப்பிய விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு அது.

மார்பகப் புற்று நோய் குணமான பிறகும், சிலருக்கு ஒன்றிரண்டு புற்று செல்கள் நுரையீரலிலோ எலும்பிலோ போய் சத்தம் இல்லாமல் தூங்கிக்கொண்டு இருக்கும். வருடக்கணக்கில் தூங்கும். சிலருக்கு கடைசி வரை எழுந்திருக்கவே செய்யாது. இப்படி தூங்கும் செல்கள் உள்ள எலிகளுக்கு ப்ளூ வைரசையும் கொரோனா வைரசையும் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அந்த செல்கள் விழித்துக்கொண்டு பெருக ஆரம்பித்தன. 2 வாரத்துக்குள் நுரையீரலில் புற்று பரவி விட்டது. கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் 'ஐ.எல்.-6' என்ற பொருள்தான் தூக்கத்தைக் கலைக்கிறது என்று கண்டுபிடித்தனர். கள்ளனை விரட்ட ஊதிய விசில், பக்கத்தில் படுத்திருந்த இன்னொரு கள்ளனை எழுப்பி விட்ட கதை.

எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் நடக்குமா? இங்கிலாந்தில், கொரோனாவுக்கு பல வருடம் முன்பே புற்று நோய் கண்டவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். கொரோனா வந்தவர்கள் புற்று நோயால் இறக்கும் வாய்ப்பு, வராதவர்களை விட ஏறக்குறைய 2 மடங்காக இருந்தது. தொற்று வந்த முதல் சில மாதங்களில்தான் அந்த வித்தியாசம் அதிகம். அமெரிக்காவில் மார்பகப் புற்று நோய்ப் பெண்களின் பதிவுகளிலும், கொரோனா வந்தவர்களுக்கு நுரையீரலில் நோய் பரவும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இதைப் படித்து விட்டு, 5 வருடத்துக்கு முன்பு குணமான அக்கா இன்று தும்மியதும் பதற வேண்டாம். இது பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. வைரஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும். ஆனால் "நோய்தான் குணமாயிருச்சே, தடுப்பூசி எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இது ஒரு பதில்.

காய்ச்சல் 100.4

கீமோ போட்டு வந்தவர் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். 100.4 டிகிரி வந்து விட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. ராத்திரி 2 மணி ஆனாலும் கமுதி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். சீட்டு எழுதும்போதே "கீமோ போட்டிருக்கு, இன்னைக்கு 8-வது நாள்" என்று நாள் கணக்கோடு சொல்லி, பைலை நீட்ட வேண்டும். இந்த ஒரு வார்த்தையை சொல்லாமல் விட்டால் சாதாரண காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்து விடுவார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் மருந்து நரம்பில் ஏற வேண்டும் என்பது வைத்திய விதி.

மெடிக்கலில் சொல்லி வாங்கும் 'செட் மாத்திரை' இவர்களுக்கு விஷம் மாதிரி. அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது. வலி மாத்திரை சில, தட்டணுக்கள் குறைந்த ஆளுக்கு ரத்தக்கசிவு உண்டாக்கும். பாராசிட்டமால் கூட, காய்ச்சலை அளந்து பார்த்து டாக்டரிடம் சொன்ன பிறகுதான்.

நலம் விசாரிக்க ஆரஞ்சும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், தனக்கு சளி இருந்தால் வாசலோடு திரும்புவது பெரிய உதவி. போனில் விசாரித்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவது இல்லை. பள்ளிக்கூடம் போகும் பேரன் பேத்திகள் மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தால் தாத்தா பாட்டியின் கட்டிலில் ஏற விடாதீர்கள். மதுரை பஸ்சில் போகும்போது முகக்கவசம், ஜன்னல் ஓர சீட். உடம்பு தேறுகிற வரை கரிமூட்டப் புகையிலும், வத்தல் நெடியிலும் போய் நிற்க வேண்டாம். புண்ணாகிக் கிடக்கும் மூச்சுக்குழாயை புகை மேலும் கெடுக்கும்.

ப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டியது. ஊசியில் இருப்பது செத்த கிருமி என்பதால் புற்று நோயாளிக்கும் போடலாம். மூக்கில் பீச்சுகிற வகையில் உயிருள்ள கிருமி இருப்பதால் அது வேண்டாம். கீமோ தொடங்குவதற்கு 2 வாரம் முன்பே போட்டால் நன்றாகப் பிடிக்கும். ஏற்கனவே தொடங்கி விட்டால் எந்த நாளில் போடலாம் என்று வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால் கூட இருக்கிறவர்களும் சேர்ந்து போட வேண்டும்.

என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்தால் 104-க்கு போன் போட்டு ஆலோசனை கேட்கலாம். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108.