வில்லியம்ஸ் அணி: சம்பியன் பீடத்திலிருந்து கடைசி இடத்துக்கு

ஸ்பெயினின் பார்சிலோனா நகருக்கு அருகே 2012 மே 13 ஆம் திகதி நடைபெற்ற போர்முலா 1 காரோட்டப் பந்தயத்தில் வெனிசுவேலா நாட்டுச் சாரதி பாஸ்டர் மல்டொனாடோ முதலிடம் பெற்றார். பிரிட்டனின் வில்லியம்ஸ் அணிக்கு அது 114 ஆவது வெற்றி. அதனை ஒரு மறுமலர்ச்சியின் ஆரம்பம் என்றே அன்று பலரும் வர்ணித்தனர். எனினும், 2025 ஆம் ஆண்டுப் பருவம் நிறைவடைந்தபோதும் அந்த எண்ணிக்கை 114 ஆகவே இருந்தது.

1980 முதல் 1995 வரை எந்தவொரு டெஸ்ட் தொடரிலும் தோல்வியுறாதிருந்த மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணி, 2023 உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெறவே தவறியதைக் கண்டவர்கள் நாம். வில்லியம்ஸ் அணியின் கதையும் ஏறத்தாழ அத்தகையதே. 1980 க்கும் 1997 க்கும் இடையில் அணிகளுக்கான உலக சம்பியன் பட்டத்தை ஒன்பது தடவைகளும், சாரதிகளுக்கான பட்டத்தை ஏழு தடவைகளும் வென்ற அணி அது. அதே அணி 2020 ஆம் ஆண்டில் ஒரு புள்ளியேனும் பெறாது கடைசி இடத்தில் நின்றது. இவ்வீழ்ச்சிக்குப் பணப் பற்றாக்குறையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அது பாதி உண்மை மட்டுமே என்பது எமது கருத்து.

இவ்வணியை பிராங்க் வில்லியம்ஸும் பொறியியலாளர் பற்றிக் ஹெட்டும் 1977 இல் ஆரம்பித்தனர். ஒக்ஸ்போர்ட்சயரின் டிட்கொட் நகரில் காலியாகக் கிடந்த கம்பளக் களஞ்சியமொன்றே அவர்களது முதற் பணிமனை. அதற்கு முன்னர் கட்டணம் செலுத்த முடியாமல் தொலைபேசி துண்டிக்கப்பட்ட நிலையில், வீதியோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து தொழில் நடத்தியவர் பிராங்க். சவூதி அரேபிய அனுசரணை கிடைத்ததும் நிலைமை மாறியது. 1979 இல் சில்வர்ஸ்டனில் முதல் வெற்றி. மறு வருடமே அலன் ஜோன்ஸ் மூலம் இரு சம்பியன் பட்டங்களும். 1986 மார்ச்சில் பிரான்ஸில் இடம்பெற்ற வீதி விபத்தொன்றினால் பிராங்க் தமது எஞ்சிய வாழ்நாளைச் சக்கர நாற்காலியிலேயே கழிக்க நேர்ந்தது. அவ்வருடமும் அணிகளுக்கான பட்டம் வில்லியம்ஸுக்கே கிடைத்தது.

போர்முலா 1 விதிகளின்படி ஒவ்வோர் அணியும் காரின் உடற்பகுதியைத் தானே வடிவமைக்க வேண்டும். இயந்திரத்தைப் பிற நிறுவனங்களிடமிருந்து பெறலாம். வில்லியம்ஸ் ஒருபோதும் இயந்திரம் தயாரித்ததில்லை. 1987 முடிவில் ஹொண்டா நிறுவனம் போட்டி அணியான மக்லாரனிடம் சென்றபோது, அடுத்த வருடம் வில்லியம்ஸினால் ஒரு பந்தயத்தைக்கூட வெல்ல முடியவில்லை. ஆயினும் 1989 இல் ரெனோல்ட் நிறுவனம் கைகொடுத்தது. வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியும் வந்து சேர்ந்தார். அதிர்வுதாங்கிகளைக் கணினி மூலம் இயக்கி, வளைவிலும் மேட்டிலும் தரையிலிருந்து காரின் உயரத்தை மாறாது வைத்திருக்கும் நுட்பத்தைக் கொண்ட காருடன் நைஜல் மன்செல் 1992 இன் முதல் ஐந்து பந்தயங்களையும் தொடர்ச்சியாக வென்றார். 1994 இல் அந்த நுட்பம் தடை செய்யப்பட்டது. அவ்வருடம் மே முதலாம் திகதி இமோலாவில் வில்லியம்ஸ் காரைச் செலுத்திய அயர்டன் சென்னா உயிரிழந்தார். அந்த வருடமும் அணிகளுக்கான பட்டத்தை வில்லியம்ஸே வென்றது என்பது அதன் அன்றைய பலத்துக்குச் சான்று.

இங்கே கவனத்திற்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. 1987 இல் நெல்சன் பிகே, 1992 இல் மன்செல், 1993 இல் அலன் புறோஸ்ட், 1996 இல் டேமன் ஹில் ஆகிய நால்வரும் வில்லியம்ஸில் உலக சம்பியன்களானவர்கள். நால்வரில் ஒருவரேனும் அடுத்த வருடம் அவ்வணியில் இருக்கவில்லை. வெல்வது காரே, சாரதி ஊதியத்துக்கு வேலை செய்பவர் என்பதே உரிமையாளர்களின் எண்ணம். கார் ஏனையவற்றைவிட மேலானதாக இருந்த வரை அந்த எண்ணம் பலித்தது. ஆனால் அதே மனப்பாங்கு காரை வடிவமைத்தவர் மீதும் காட்டப்பட்டது. அணியின் பங்குகள் பிராங்கிடமும் ஹெட்டிடமுமே இருந்தன. முக்கிய தீர்மானங்களில் தமது குரலுக்கு இடமில்லை என மனம் கசந்த நியூவி மக்லாரனுக்குச் சென்றார். ரெனோல்ட் நிறுவனமும் 1997 முடிவில் விலகியது. மக்லாரன் 1998 இல் சம்பியனானது. வில்லியம்ஸ் அதன் பின்னர் எப்பட்டத்தையும் வெல்லவில்லை.

சரிவைத் தடுக்க ஒரு வாய்ப்பு கிடைக்காமலில்லை. 2000 ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் இயந்திரம் வழங்க முன்வந்தது. பத்து வெற்றிகள் கிடைத்தன. அப்போது கார் உற்பத்தி நிறுவனங்கள் அணிகளைச் சொந்தமாகவே நடத்தத் தொடங்கியிருந்தன. ஜேர்மனிய நிறுவனமும் பங்குரிமையை நாடியது. பிராங்க் இணங்கவில்லை, அந்நிறுவனம் 2005 இல் சுவிட்சர்லாந்தின் சோபர் அணியை வாங்கிக்கொண்டது. தாம் கட்டியெழுப்பியதைப் பிறர் கையில் ஒப்படைக்க மறுத்தவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. எனினும் அந்த மறுப்பின் விலை மிகப் பெரியதாயிற்று. அதன் பின்னர் கொஸ்வேர்த், டொயோட்டா, மீண்டும் கொஸ்வேர்த், மீண்டும் ரெனோல்ட் என அணி இயந்திரத்துக்காக வாசல் வாசலாக ஏறியிறங்கியது.

போர்முலா 1 வருமானத்தில் ஒரு பகுதி, பெற்ற இடத்துக்கேற்ப அணிகளுக்குப் பகிரப்படுகிறது. பின்தங்கும் அணிக்குப் பணம் குறைகிறது. பணம் குறைந்தால் அடுத்த கார் மேலும் பின்தங்குகிறது. இந்தச் சுழலிலிருந்து மீளப் பணத்துடன் வரும் சாரதிகளை அணி ஏற்றது. மல்டொனாடோவின் பின்னால் வெனிசுவேலாவின் அரச எண்ணெய் நிறுவனம் நின்றது. 2017 இல் வந்த லான்ஸ் ஸ்ரோலின் தந்தை பெரும் செல்வந்தர். 2014 இல் மெர்சிடிஸ் இயந்திரம் கிடைத்ததும் அவ்வருடமும் அடுத்த வருடமும் மூன்றாமிடம் கிட்டியது. ஆனால் அது பெருமளவு இயந்திரத்தின் வெற்றி. உடற்பகுதி வடிவமைப்பிலிருந்த பலவீனத்தை அது மறைத்ததேயன்றித் தீர்க்கவில்லை. 2018 இல் அணி ஏழு புள்ளிகளுடன் கடைசி இடம் சென்றது. 2019 இல் பருவத்துக்கு முந்திய பரீட்சார்த்த ஓட்டத்துக்குக் காரை உரிய நாளில் கொண்டுவரவும் முடியவில்லை. அவ்வருடம் கிடைத்தது ஒரேயொரு புள்ளி.

2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் டொரில்டன் கப்பிட்டல் நிறுவனம் அணியை வாங்கியது. அதனை வழிநடத்திவந்த பிராங்கின் மகள் கிளெயார் மறு மாதமே விலகினார். பிராங்க் 2021 நவம்பரில் காலமானார்.

2023 இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் வவுல்ஸ் வெளியிட்ட தகவல் எம்மை வியக்க வைத்தது. ஏறத்தாழ 20,000 உதிரிப்பாகங்களைக் கொண்ட காரின் தயாரிப்பு விபரம் முழுவதும் ஒரு எக்செல் கோப்பில் பேணப்பட்டு வந்ததாம். எந்தப் பாகம் எங்கிருக்கிறது, எப்போது வந்து சேரும் என்பதை எவராலும் நிச்சயமாகக் கூற முடியவில்லை. 2024 இல் அவுஸ்திரேலியாவில் அலெக்ஸ் அல்பனின் கார் பயிற்சியில் சேதமடைந்தபோது மாற்று உடற்பகுதி இருக்கவில்லை. எனவே சக சாரதி லோகன் சார்ஜன்டின் கார் அல்பனுக்கு வழங்கப்பட, சார்ஜன்ட் பந்தயத்தில் பங்கேற்காமலே நின்றார். சிறு பணிமனையில் அனைவரும் அனைத்தையும் அறிந்திருந்த காலத்தின் பழக்கங்கள், பல நூறு பேர் பணியாற்றும் தொழிற்சாலையிலும் தொடர்ந்தன. பணம் மட்டுமே காரணமல்ல என நாம் கூறுவது இதனாலேயே.

2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளமை வில்லியம்ஸுக்குச் சாதகமானது. 2025 இல் கார்லோஸ் சைன்ஸ் அஸர்பைஜானிலும் கட்டாரிலும் மூன்றாமிடம் பெற, அணி ஐந்தாமிடத்துக்கு உயர்ந்தது. ஆனால் 2024, 2025 ஆகிய இரு வருடங்களிலும் அணிகளுக்கான பட்டத்தை வென்ற மக்லாரன் பயன்படுத்தியதும் மெர்சிடிஸ் இயந்திரத்தையே. மக்லாரனும் அதனை வெளியிலிருந்து பெற்ற அணிதான். இரு அணிகளுக்கும் இடையில் எஞ்சியிருக்கும் தூரத்துக்கு இயந்திரத்தைக் காரணங்காட்ட இனி இயலாது.