குடம் சுமப்பவருக்குக் கூட்டத்தில் இடம் உண்டா?



விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு கிணற்றடி நிகழ்ச்சி வருகிறது. மிதியானின் அர்ச்சகருடைய ஏழு புதல்வியர் தண்ணீர் இறைத்துத் தொட்டிகளை நிரப்புகின்றனர். அங்கு வந்த இடையர்கள் அவர்களை விரட்டுகின்றனர். மோசே எழுந்து அப்பெண்களுக்குத் துணை நிற்கிறார். இறைத்தவர்கள் பெண்கள், கிணறு யாருக்கு என்று தீர்மானிக்க வந்தவர்களோ ஆண்கள்.

இது நமக்குப் புதிதல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நம் பகுதியில் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவுநீரே நம் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதையும், பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடந்ததையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

துன்பத்தைச் சுமந்த பெண்களுக்குத் தீர்மானிக்கும் இடமும் உண்டா? சட்டம் உண்டு என்கிறது. தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. 2016இல் அது பாதியானது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி, கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும்.

ஆனால் பதிவேட்டில் மனைவியின் பெயரும், நாற்காலியில் கணவரும் என்றால் என்ன பயன்? எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் ஏறாது, எந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது என்பதெல்லாம் அன்றாடம் குடம் பிடிப்பவருக்கே தெரியும். அவர் வாய் திறக்காத கூட்டத்தில் பாதி உண்மை வெளியே வராது. பரிசோதனைப் பெட்டி உப்பின் அளவைக் காட்டும். குரோமியத்தை அறிய ஆய்வகம் வேண்டும். அதைக் கேட்டுப் பெறவும் ஒரு குரல் தேவை.

வாய்ப்புக் கிடைத்தால் பெண்கள் சாதிப்பார்கள் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வறண்டு கிடந்த நாகநதியை மீட்க ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் உழைத்தனர். தடுப்பணைகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அவர்கள் கைகளால் உருவாயின.

பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் கற்பித்தார். அந்த உரிமையைக் கேட்கும் இடம் கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்தைய அன்பியக் கூட்டத்தில், நம் ஊர்க் குடிநீர்க் குழுவில் உள்ள பெண்கள் யார், அவர்கள் பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்ப்போம். கூட்டத்துக்குப் போகும் பெண்ணுக்காக அன்று வீட்டு வேலையை ஆண்கள் ஏற்றுக்கொள்வதும் நற்செயலே.

யாக்கோபின் கிணற்றருகே இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண், குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் சென்று பேசினார். ஊரார் அவர் சொல் கேட்டுப் புறப்பட்டு வந்தனர். நம் ஊரும் அவ்வாறு கேட்கட்டும்.