ஊரும் உயிரணுவின் கணக்கு

மீனின் செதிலொன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஊட்டக் கரைசலில் விட்டுவைத்தால், அதன் மேல்தோலிலிருந்து கெரட்டோசைட் எனப்படும் உயிரணுக்கள் வெளிப்பட்டுப் பிறை வடிவில் விரிந்து, நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் அளவிலும் சில வேளை அதற்கு மேலும் ஊர்ந்து செல்வதை நுண்ணோக்கியில் காணலாம். உயிரணுக்களின் வடிவத்தையும் நகர்வையும் சமன்பாடுகளாக்க முயன்றோர் இதை நாடியதற்குக் காரணம், மற்றவை ஓயாமல் உருமாறிக்கொண்டிருக்க, இது வடிவம் குலையாமல் நகர்வதே.

பிறையின் முன்புறம் மிக மெல்லிய படலம். அதனுள் ஆக்டின் என்னும் புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இழைகளாகிச் சவ்வை உள்ளிருந்து தள்ளுகின்றன. மூலக்கூறு ஒன்று சேர்ந்தால் இழை 2.7 நானோமீட்டர் நீளும். சவ்வை முட்டி நிற்கும் நுனியில் புதிய மூலக்கூறு எவ்வாறு நுழையும்? வெப்பத்தால் விளையும் ஓயாத அதிர்வில் கணநேர இடைவெளி தோன்றுகிறது, அதில் மூலக்கூறு புகுந்துவிட்டால் சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப இயலாது என்று 1993இல் பெஸ்கின், ஓடெல், ஆஸ்டர் ஆகியோர் கணக்கிட்டனர். இழையே வளைந்து அதிர்வதை 1996இல் மோகில்னரும் ஆஸ்டரும் சேர்த்துக்கொண்டனர்.

முழு வடிவத்துக்கான விளக்கம் 2008இல் கெரன், மோகில்னர், தெரியட் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. சவ்வு எளிதில் நீளாதது என்பதால் அதன் இழுவிசை விளிம்பெங்கும் ஒரே அளவில் இருக்கிறது. இழைகளோ நடுவில் நெருங்கியும் பக்கங்களில் அருகியும் உள்ளன. ஆகவே பக்கத்து இழை ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை கூடிக்கொண்டே போய், ஓரிடத்தில் வளர்ச்சி நின்றுவிட, பிறையின் முனை அங்கே அமைகிறது. அகன்ற பிறைகள் விரைந்து நகரும் என்பதும் இதே கணக்கிலிருந்து பெறப்பட்டு, அளவீடுகளோடு ஒத்துவந்தது.

உட்கருவையும் எண்ணற்ற துணைப் புரதங்களையும் இந்த மாதிரி கணக்கில் கொள்ளவில்லை. உயிரியலாளருக்கு இது உறுத்தலாம். எனினும் உட்கருவற்ற சிறு துண்டுகள்கூடத் தாமாகவே ஒரே திசையில் ஊரும் என்பது 1984இலேயே தெரிந்திருந்ததால், அந்த விலக்கலுக்குத் தக்க ஆதாரம் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

தட்டையான கண்ணாடியை விட்டுத் திசுவுக்குள் சென்றால் கணக்கு மாறுகிறது. அங்கே சில உயிரணுக்கள் உள்ளிருக்கும் திரவ அழுத்தத்தால் சவ்வைக் குமிழாகப் புடைக்கச் செய்து நகர்வதால், ஆக்டின் உந்துதலை மட்டும் கொண்ட சமன்பாடு போதாது. உயிரணுக்கள் நெருங்கிக் கிடக்கும் இடங்களுக்கு, 1992இல் கிரானரும் கிளேசியரும் உருவாக்கிய மாதிரி பெரிதும் பயன்படுகிறது. அதில் ஒவ்வோர் உயிரணுவும் கட்டங்களின் தொகுப்பாகக் கருதப்பட்டு, ஒட்டும் எல்லைகளின் ஆற்றல் குறையும் திசையில் கட்டங்கள் கைமாறுகின்றன.