நெட் ஸ்லோவா இருக்கா? பிளானை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வயர் இழுத்துப் பாருங்க!

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் கால் வைக்க இடம் இருக்காது. தமிழ்நாடு, ஆந்திரா என இரண்டு பக்கமிருந்தும் காவடிகள் 365 படிகளை நோக்கி வரும். அத்தனை பேர் கையிலும் செல்போன்! டவர் திணறும். மலையடிவாரத்து வீட்டில் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆன்லைன் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

'வீட்டில்தான் ஃபைபர் நெட் இருக்கிறதே' என்றால், அங்கே வேறு சிக்கல். ரவுட்டர் கீழே ஹாலில். பிள்ளை படிப்பது மாடி அறையில். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு சுவர்கள். கீழே டிவியில் படம் ஓட, மேலே ஆன்லைன் வகுப்பில் டீச்சரின் முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

உடனே, 'ஸ்பீடு பிளானுக்கு மாறிடலாம்' என்று முடிவெடுப்போம். மாதச் செலவு ஏறும். மாடியில் நிலைமை மாறாது. காரணம், பல வீடுகளில் குறை வெளியிலிருந்து வரும் லைனில் இல்லை. வீட்டுக்குள் வைஃபை தாண்ட வேண்டிய சுவரில் இருக்கிறது.

எதற்கு வயர்?

வைஃபை என்பது ரேடியோ அலை. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் மாறி மாறித்தான் பேச முடியும். பக்கத்து வீட்டு வைஃபையும் போட்டிக்கு வரும். லேன் கேபிளில் இந்தப் போட்டி கிடையாது, சுவரும் தடையில்லை. இதற்கு அடிப்படையான 'ஈதர்நெட்' முறையை அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்கால்ஃப் முன்வைத்தது 1973-ல். இன்றும் அலுவலகங்கள் நம்புவது அதைத்தான்.

ஒரு வயர்... நான்கு கருவிகள்!

ரவுட்டரின் பின்னால் 'லேன்' என்று எழுதிய போர்ட்டிலிருந்து மாடிக்கு ஒரே ஒரு கேபிள். மாடியில் 'ஸ்விட்ச்' எனும் சின்னப் பெட்டி. ஐந்து போர்ட் ஸ்விட்ச் என்றால், ஒன்றில் கீழிருந்து வரும் கேபிள். மீதி நான்கில் கம்ப்யூட்டர், டிவி, பிரின்டர், சிசிடிவி ரெக்கார்டர். சாதாரண ஸ்விட்ச்சுக்கு செட்டிங் எதுவும் தேவையில்லை, செருகினால் போதும். கனமான வேலைகள் வயருக்குப் போய்விட்டால், வைஃபை செல்போன்களுக்கு மிச்சமாகும்.

கவனிக்க வேண்டியவை

* 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' கேபிள், முழுச் செம்பில் வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது வேண்டாம்.

* ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

* ஸ்விட்ச் 'கிகாபிட்' வகையா என்று பாருங்கள். பழைய வகை 100 எம்.பி. வேகத்தோடு நின்றுவிடும்.

* கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. 200 எம்.பி. பிளானிலும் வேகம் 95-ஐத் தாண்டவில்லையா? ஏதாவது ஒரு கம்பி சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். இரு முனை கிளிப்பையும் சோதியுங்கள்.

* கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளைத் திணிக்காதீர்கள்.

* ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால், வீட்டு நெட் மொத்தமும் படுத்துவிடும்.

* கரன்ட் போனாலும் வகுப்பு நிற்கக் கூடாது என்றால் ரவுட்டர், ஸ்விட்ச் இரண்டுக்கும் யு.பி.எஸ். தேவை.

புது வீடு கட்டுபவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே அறைக்கு ஒரு தனி பைப் விட்டுவைத்தால், பின்னால் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசேர்ப்பது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களும் அதில் அடக்கம். ஊர் வரை வயர் வந்துவிடும். வாசலிலிருந்து அதை மாடியேற்றுவது நம் வேலை!