காளத்திக் கறுப்பும் நீர்வண்ண நிழலும்

சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் சாலையில் இருக்கிறது பங்காருபாளையம். சுற்றிலும் மாந்தோப்புகள். ஜூன், ஜூலை மாதங்களில் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகச் சந்தைக்கு வந்து இறங்கும். நடுப்பகலில் அந்தத் தோப்புகளில் ஒன்றின் ஓரமாக நீர்வண்ணப் பெட்டியைத் திறந்து உட்காரும் ஓவியருக்கு மாமரத்தின் பச்சை பெரிய சிக்கல் இல்லை. மரத்தடி நிழல்தான் சிக்கல். கண்ணுக்கு அது கன்னங்கரேலென்று தெரிகிறது. தாளில் வைத்துக் காயவிட்டால் சாம்பல் பூத்த பழுப்பாக நின்றுவிடுகிறது.

நீர்வண்ணம் பழகுகிறவர்கள் பெரும்பாலோர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். கோடு சரியாக இருக்கும், நிறமும் சரியாக இருக்கும். ஆனால் படம் முழுக்க ஒரே வெளிறல். கை துணியவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். துணிந்த கையையும் ஏமாற்றுகிற சில இயற்பியல் காரணங்களும் இதன் பின்னால் இருக்கின்றன.

நானூறு மடங்கும் இருபது மடங்கும்

உச்சிவெயிலில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். அடர்ந்த மாமர நிழலில் 2,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் நிற்கும் சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். நிழலில் நிற்கும் அடிமரம் 10 விழுக்காட்டை அனுப்பும். கணக்குப் போட்டால், சுவர் அடிமரத்தைவிட 400 மடங்கு பிரகாசம்.

ஓவியரின் கையில் இருப்பது என்ன? வெள்ளைத் தாள் ஒளியில் 80 முதல் 85 விழுக்காடு வரை திருப்பும். நன்றாகக் காய்ந்த கறுப்பு வண்ணம் 4 அல்லது 5 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 20 மடங்குதான். தோப்பின் 400 மடங்கை இந்த 20க்குள் அடக்க வேண்டும். இருப்பதே இவ்வளவு குறுகிய இடம் என்றால், அதன் கீழ்ப்பாதியைத் தொடாமலே படத்தை முடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

கண்ணின் இயல்பும் இதில் சேர்கிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நட்டநடுவில் இருப்பதாக நமக்குத் தோன்றும் சாம்பல் நிறம் 50 விழுக்காடு ஒளியைத் திருப்புவதில்லை. 18 விழுக்காட்டைத்தான் திருப்புகிறது. ஆகவே இருண்ட டோன்கள் எல்லாம் 18க்குக் கீழே உள்ள மிகச் சிறிய பகுதியில் நெருங்கி அடங்கியிருக்கின்றன. அங்கே சில விழுக்காடு தவறினாலே நிழல் வெளுத்துவிடும்.

ஒளியின் இரட்டைப் பயணம்

நீர்வண்ணத்தின் படலம் மெல்லியது, ஒளி ஊடுருவக்கூடியது. வெளிச்சம் அதற்குள் நுழைந்து, தாளில் பட்டு, மறுபடி அதே படலத்தின் வழியாக வெளியே வருகிறது. ஒருமுறை கடக்கும்போது பாதி ஒளி தங்கிவிட்டால், திரும்பி வரும்போது மீதியில் பாதியும் தங்கிவிடும். கால் பங்குதான் கண்ணை வந்தடையும். ஐந்தில் ஒரு பங்கை மட்டும் விடும் படலமாக இருந்தால் வெளியே வருவது 4 விழுக்காடு. நல்ல இருட்டுக்குத் தேவையான அளவு அதுதான். அந்த அடர்த்திக்கு வேண்டியது நிறமித் துகள், அதாவது தண்ணீர் குறைவாக, வண்ணம் கூடுதலாக. பால் பதத்தில் கரைத்த வண்ணத்தை எத்தனை அழுத்தித் தீட்டினாலும் அந்த ஆழம் வராது. ட்யூபிலிருந்து பிதுக்கி, தூரிகையில் கெட்டித் தயிர் போல நிற்கும் பதத்தில் எடுக்க வேண்டும். காய்ந்த கேக் வண்ணத்தைப் பயன்படுத்துபவர்கள் சில நிமிடங்களுக்கு முன்பே அதன்மேல் சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஏமாற்று, உலர்தல். ஈரமாக இருக்கும்போது ஆழமாகத் தெரிந்த நிழல் கால்மணி நேரத்தில் வெளிறிப்போகும். தோப்பின் செம்மண்ணில் மழை பெய்ததும் நிறம் கருத்து, வெயில் வந்ததும் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். ஈரம் இருக்கும்வரை துகள்களுக்கு இடையே உள்ள இடுக்குகளைத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது. அதனால் ஒளி சிதறாமல் உள்ளே ஆழப் போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் ஆவியானதும் அந்த இடுக்குகளில் காற்று வந்துவிடுகிறது. காற்றுக்கும் துகளுக்கும் ஒளிவிலகல் வேறுபாடு அதிகம் என்பதால் ஒளி மேலேயே சிதறித் திரும்புகிறது.

மேற்பரப்பும் சும்மா இருப்பதில்லை. நீர்வண்ணத்தில் துகளைப் பிடித்துவைத்திருப்பது வேல மர இனத்தின் பிசின். பிசினின் பரப்பில் படும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறது. எண்ணெய் வண்ணத்திலும் இப்படித் திரும்பும் ஒளி உண்டு. ஆனால் அங்கே பரப்பு வழவழப்பாக இருப்பதால் அது ஒரே திசையில் போகிறது. பார்ப்பவர் சற்று விலகி நின்றால் போதும். 2021இல் கரோனாவில் மறைந்த கும்பகோணம் பகுதி ஓவியர் இளையராஜா, வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தில் கிராமத்துப் பெண்களைத் தீட்டிப் புகழ்பெற்றவர். அவருடைய எண்ணெய் வண்ணப் படங்களில் முகத்துக்குப் பின்னால் நிற்கும் இருட்டுக்கு அத்தனை ஆழம் கிடைப்பதில் இந்த வழவழப்புக்கும் பங்கு உண்டு. நீர்வண்ணத் தாள் சொரசொரப்பானது. அந்த 4 விழுக்காடு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எங்கே நின்று பார்த்தாலும் கறுப்பின்மேல் மெல்லிய வெண்மை படர்ந்திருக்கும்.

தாளின் தரமும் இங்கே கணக்கில் வருகிறது. ஜெலட்டின் போன்ற பசையூட்டிய பருத்தித் தாளில் துகள்கள் மேலேயே தங்கும். பசையில்லாத மலிவான தாள் வண்ணத்தை இழைகளுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். மேலே எஞ்சுவது வெளிறிய கறைதான்.

இரண்டு நிறம், ஓர் இருட்டு

கடையில் கிடைக்கும் கறுப்பு பெரும்பாலும் கரித்தூள். ஒளியை உறிஞ்சுவதில் அது எதற்கும் சளைத்ததல்ல. ஆனால் நிழலில் கறுப்பு மட்டும் இருப்பதில்லை. மாமரத்தடியில் செம்மண்ணின் சூடு தரையிலிருந்து ஏறுகிறது. மேலே இலைகளுக்கு இடையே வானத்தின் நீலம் இறங்குகிறது. இதனால்தான் பலர் இருட்டைக் கலந்து உண்டாக்குகிறார்கள். அல்ட்ராமரைன் நீலம் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கும். சுட்ட மண் நிறமான பர்ன்ட் சியன்னா நீலத்தை விழுங்கும். இரண்டும் கெட்டியாகச் சேர்ந்தால் வெளியே வர ஒளி அதிகம் மிஞ்சாது. நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த இருட்டு, மண்நிறத்தைக் கூட்டினால் சூடான இருட்டு.

இன்னும் ஆழம் வேண்டுமென்றால் தாலோ பச்சையும் அலிசரின் கிரிம்சனும். அலிசரின் இந்தப் பகுதிக்குப் பழைய உறவு. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளுக்குச் சிவப்பைக் கொடுத்த சாயவேரில் இருப்பது அலிசரின்தான். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவரும் அதைச் செயற்கையாகத் தயாரித்த பிறகு வண்ணப் பெட்டிக்கு அது ஆலையிலிருந்தே வரத் தொடங்கியது.

காளத்தியின் பாடம்

பங்காருபாளையத்திலிருந்து வடகிழக்கே, இன்றைய திருப்பதி மாவட்டத்தில், ஸ்ரீகாளஹஸ்தி என்கிற திருக்காளத்தி இருக்கிறது. அங்கே கலம்காரிக் கலைஞர்கள் கறுப்பைப் பூசுவதில்லை, துணிக்குள்ளேயே பிறக்கவைக்கிறார்கள். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறும். பாலின் கொழுப்பு மை கசிந்து பரவாமல் தடுக்கும். இன்னொரு பக்கம் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளித்துக்கொண்டிருக்கும். புளிப்பில் உண்டாகும் அசிட்டிக் அமிலம் இரும்பைக் கரைத்துவிடும். அந்தக் கரைசலை மூங்கில் எழுதுகோலால் தொட்டுத் துணியில் இழுத்ததும், இரும்பும் கடுக்காயின் டானினும் சேர்ந்து கறுப்பாகின்றன. காற்று பட்டுக் கறுப்பு மேலும் முற்றும்.

1950களின் இறுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் அங்கே பயிற்சி மையம் தொடங்கிய பிறகு, தேய்ந்துகொண்டிருந்த இந்தக் கலை மீண்டும் துளிர்த்தது. அதன் ஆசான்களில் ஒருவரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நீர்வண்ணக்காரர் இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. காளத்தித் துணியில் கறுப்புக் கோடு முதலிலேயே வந்துவிடுகிறது. சிவப்பும் மஞ்சளும் நீலமும் அதற்குப் பிறகு. நீர்வண்ண வகுப்பில் வழக்கம் நேர்மாறானது: வெளிர் நிறத்தில் தொடங்கிப் படிப்படியாக இருட்டுக்குப் போவது. பாடமாக அது சரிதான். ஆனால் இருட்டு கடைசியில் வரும்போது, மற்ற எல்லாமே வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டுத் தீட்டப்பட்டிருக்கும். வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் நடுச் சாம்பல்கூட மிகக் கருப்பாகத் தெரியும். கை அங்கேயே நின்றுவிடும்.

இந்த ஒப்பீட்டின் வலிமையை அறிவியலாக்கியவர் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த அவரிடம், கறுப்புச் சாயத்தில் வலு இல்லை என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை நலிந்ததாகக் காட்டின. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார்.

ஆகவே படத்தின் மிக இருண்ட இடம் எது என்பதை முன்னதாகவே முடிவு செய்து, அதில் ஒரு சிறு பகுதியையாவது தொடக்கத்திலேயே முழு ஆழத்தில் வைத்துவிடுவது பெரிய உதவி. அதன் பிறகு நடு டோன்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணே சொல்லும். வைக்கும்போது ஒரே இழுப்பில் வைத்து விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடிப்படலம் கரைந்து மேலே வந்து கலங்கும்.

வீட்டில் செய்து பார்க்க

தாள் வெள்ளையில் தொடங்கி, முடிந்தவரை கறுப்பில் முடியும் ஒன்பது கட்டங்களை ஒரே வண்ணத்தில் தீட்டிப் பார்க்கலாம். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாமல், முழுக்கக் காய்ந்த பிறகு கைப்பேசியில் கறுப்பு-வெள்ளைப் படமாக எடுத்தால் எந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் கடைசி மூன்று கட்டங்கள்தான் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும்வரை தண்ணீரைக் குறைத்து மீண்டும் தீட்டலாம்.

அலிசரின் கிரிம்சன் கலந்த இருட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை. ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் அதன் சிவப்பு மங்கும். கலவையில் பச்சை மேலோங்கி நிழல் பச்சையேறிப் போகலாம். விற்பனைக்கோ கண்காட்சிக்கோ போகும் படங்களில் அதற்குப் பதில் ஒளியைத் தாங்கும் குவினாக்ரிடோன் வகைச் சிவப்பைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. சந்தேகம் இருந்தால், கலந்த இருட்டை ஒரு தாள்பட்டையில் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில மாதங்கள் ஒட்டிவைத்துப் பார்க்கலாம்.